கோலச் சட்டையின் கறுப்புக் கண்ணி

எங்கள் தேயிலைத் தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் சீருடை கிடையாது. ஆனால் மார்கழி, தை மாதங்களில் வெளியூர்க்காரர் யாராவது வந்து பார்த்தால் இருக்கிறதென்றே நினைப்பார். பிள்ளைகள் எல்லோரும் சிவப்புக் கம்பளிச் சட்டை போட்டிருப்பார்கள். நெஞ்சுக்குக் குறுக்கே வெள்ளை நட்சத்திரங்கள் ஒரு வரிசை, இரண்டு கைகளிலும் அதே நட்சத்திரங்கள். பெரும்பாலானவர்களுக்குக் கீழே பாவாடையோ காற்சட்டையோ கிழிந்திருக்கும், காலில் ஒன்றும் இருக்காது, மேலே மட்டும் இந்தச் சட்டை. கடைக்காரர்கள் சுவெட்டர் என்பார்கள். தோட்டத்தில் அதற்குப் பெயர் கோலச் சட்டை.

அதை இங்கே கொண்டுவந்தது என் மனைவி.

நாங்கள் யாழ்ப்பாணத்து ஆட்கள். சுதந்திரம் கிடைத்த வருஷம் எங்களுக்குக் கல்யாணம் நடந்தது. மறுவருஷம் நமுனுகுல மலைச்சரிவில் இருக்கும் இந்தத் தோட்டத்துப் பள்ளிக்கு ஆசிரியராக வந்தேன். எங்கள் ஊரில் போர்வை என்பது நுளம்பு கடிக்காமல் இருக்க. இங்கே வந்த முதல் மாரியில் நாங்கள் இருவரும் பெட்டியில் இருந்த வேட்டி, சேலை எல்லாவற்றையும் மேலே போட்டுக்கொண்டு படுத்தும் பல் கிடுகிடுத்தது. லயம் என்கிற வரிசை வீடுகளில் இருக்கும் தொழிலாளர்கள் தோட்டத்தில் கொடுக்கும் முரட்டுக் கறுப்புக் கம்பளியைத் தலையோடு போர்த்திக்கொண்டு மழையில் வேலைக்குப் போவதைப் பார்த்து, நானும் ஒன்று கேட்டு வாங்கினேன். அது உடம்பில் படுகிற இடமெல்லாம் அரிக்கும்.

அப்போதிருந்த வெள்ளைக்காரத் துரை குடும்பத்தோடு தன் ஊருக்குத் திரும்பியபோது, கப்பலில் ஏற்ற முடியாத சாமான்களைப் பங்களாப் புல்தரையில் பரப்பி வைத்து, உத்தியோகத்தர்களை வேண்டியதை எடுத்துப் போகச் சொன்னார். கிளாக்கர் மேசை விளக்கை எடுத்தார். டிஸ்பென்சர் சாய்மனைக் கதிரையைத் தலையில் வைத்துக்கொண்டு போனார். என் மனைவி ஒரு சின்னப் பிள்ளையின் பழைய சுவெட்டரோடு வந்து நின்றாள். முழங்கையில் பூச்சி அரித்த ஓட்டை.

“இதையோ கொண்டந்தனீர்?” என்றேன்.

“உள்பக்கத்தைப் பாருங்கோ” என்று அதைப் புரட்டிக் காட்டினாள். 

எனக்கு நூல்தான் தெரிந்தது. அவளுக்கு அதில் வேறென்னவோ தெரிந்தது. ஊரில் மிஷன் பள்ளிக்கூடத்தில் அவளுக்குக் கம்பளி பின்னப் பழக்கியிருந்தார்கள். வெயிலில் கை வேர்த்து ஊசி வழுக்குமாம், பின்னியதைப் போட ஒரு நாளும் குளிர் வராதாம். அங்கே படித்தது ஒற்றை நிறத்தில்தான். இரண்டு நிற நூலை ஒரே வரிசையில் எப்படிக் கொண்டுபோவது, வேண்டாத நூலைப் பின்னால் எப்படி இழுபடாமல் விடுவது என்பதையெல்லாம் அந்த ஓட்டைச் சட்டையைப் பிரித்துப் பிரித்துத்தான் கண்டுபிடித்தாள். ஒரு நாள் குசினி நிலத்தில் வெண்கட்டியால் புள்ளி வைத்து, எந்தக் கண்ணி சிவப்பு, எந்தக் கண்ணி வெள்ளை என்று குறித்துக்கொண்டிருந்தாள். தண்ணீர் கொண்டுவந்த லயத்துப் பெண் வாசலிலேயே நின்றுவிட்டாள்.

“என்னங்கம்மா, மார்கழியில போடுற கோலத்த அடுப்படியில போட்டிருக்கீங்க?”

“கோலம் இல்லை. இது வெள்ளைக்காரப் பிள்ளையின்ரை சட்டையிலை இருந்தது.”

“அவன் எங்கிட்டுப் பாத்தானாம்? இது எங்காத்தா வாசல்ல போடுறதுங்க. எட்டெதழு. இந்த மூலையில ஒரு புள்ளிய விட்டுட்டீங்க பாருங்க.”

அந்த ஊரில் பனி இப்படி நட்சத்திரம் நட்சத்திரமாக விழும், அதைப் பார்த்துத்தான் பின்னுகிறார்கள் என்று நான் எங்கோ படித்ததைச் சொன்னேன். “பனி என்னைக்குங்க புள்ளி வச்சு விழுந்துச்சு?” என்று சிரித்துக்கொண்டே போனாள். அடுத்த ஞாயிற்றுக்கிழமை இன்னும் நாலைந்து பெண்களைக் கூட்டிக்கொண்டு வந்தாள்.

அப்படித்தான் பரவியது. சைக்கிள் கம்பியை முறித்துக் கல்லில் உரசி ஊசி செய்தார்கள். பழைய காலுறை, கழுத்துத் துணி, பதுளைக் கடைத்தெருவில் வந்து இறங்கும் பழந்துணிக் கட்டு எல்லாவற்றையும் பிரித்து, சுருண்ட நூலைக் கொதிக்கும் கேத்திலின் ஆவியில் காட்டி நீட்டினார்கள். புள்ளி எண்ணிப் பழகிய கைகளுக்குக் கண்ணி எண்ணுவது பெரிய காரியமாக இருக்கவில்லை. பின்னால் பதுளையில் ஒரு கடைக்காரர் சிவப்பு நூலும் வெள்ளை நூலும் மட்டுமே கொண்டுவரத் தொடங்கினார். எங்கள் பக்கத்தில் வேறு நிறம் விலைபோகாது என்று அவருக்குத் தெரிந்துவிட்டது. என் மனைவி ஒருமுறை பச்சையில் இலை இலையாக ஒரு மாதிரி பின்னி எல்லோருக்கும் காட்டினாள். கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார்கள். “நல்லாத்தாங்க இருக்கு. ஆனா கோலமில்லீங்களே” என்று திருப்பிக் கொடுத்தார்கள்.

எங்கள் மகள் பிறந்து நடக்கத் தொடங்கியபோது அவளுக்குப் பின்னிய முதல் சட்டையில்தான் அந்தக் கறுப்புக் கண்ணி வந்தது. பிள்ளையைப் பார்த்தவர்கள் எல்லோரும் அழகு, அழகு என்றார்கள். மனைவி என் கறுப்புக் கம்பளியிலிருந்து ஓர் இழையை உருவி, சட்டையின் கீழ் விளிம்பில், நட்சத்திரத்துக்கும் வரிசைக்கும் சம்பந்தமில்லாத ஓர் இடத்தில், ஒரே ஒரு கண்ணியை மட்டும் கறுப்பாகப் பின்னினாள்.

“இதென்ன பிழை விட்டிருக்கிறீர்?”

“பிழையா இருக்கட்டும். முழுக்க வடிவா இருந்தால் கண் படும். கன்னத்திலை வைக்கிற பொட்டு மழைக்கு அழிஞ்சு போகுது. இது அழியாது.”

நான் படித்தவன், விஞ்ஞானப் பாடம் நடத்துகிறவன். அதையெல்லாம் நம்புகிறேன் என்று சொல்லமாட்டேன். ஆனால் எனக்கு இந்த ஒரே பிள்ளை. அவள் இருமினால் எனக்கு நித்திரை வராது, பாறையில் ஏறினால் என் கால் கூசும். ஒவ்வொரு வருஷமும் புதுச் சட்டை பின்னி முடிந்ததும், யாருக்கும் தெரியாமல் விளிம்பைத் தடவி அந்தக் கண்ணி இருக்கிறதா என்று பார்த்துக்கொள்வேன். முரட்டு நூல் என்பதால் கண்ணை மூடிக்கொண்டும் விரலால் கண்டுபிடிக்கலாம். மற்றப் பிள்ளைகளின் சட்டையை நான் அப்படித் தடவிப் பார்த்ததில்லை. ஏன் பார்க்கப்போகிறேன்?

அவளுக்கு ஒன்பது வயது நடந்த வருஷம் மாரி பிழையாக வந்தது. நாள் கணக்கில் விடாமல் பெய்தது. ஒரு சனிக்கிழமை காலையில் கடைவாய்ப் பல்லைப் பிடுங்குவதற்காக நான் பதுளை ஆஸ்பத்திரிக்குப் போனேன். சனிக்கிழமைகளில் எங்கள் மகளும் மற்றப் பிள்ளைகளும் தோட்டத்தின் மேல் டிவிஷனில் இருக்கும் மாரியம்மன் கோயிலுக்குப் பஜனை பழகப் போவார்கள். நான் புறப்படும்போது அவள் தலை பின்னிக்கொண்டிருந்தாள்.

“அப்பா, பதுளையிலேர்ந்து எனக்கு என்ன வாங்கிட்டு வருவீங்க?”

“வாங்கிக்கொண்டு வருவியள் எண்டு சொல்லு” என்று மனைவி அவள் தலைமயிரைப் பிடித்து இழுத்தாள். பிள்ளை லயத்துப் பிள்ளைகளோடு கூடி அவர்களைப்போலவே கதைப்பது அவளுக்குப் பெரிய குறை. 

“என்ரை பல்லைத்தான் வாங்கிக்கொண்டு வருவன்” என்று சொல்லிவிட்டு இறங்கினேன்.

பல் சுகமாக வந்துவிட்டது. வாயின் ஒரு பக்கம் முழுவதும் மரத்து, உதடு யாருடையதோ போலத் தொங்கியது. பஞ்சை இறுகக் கடித்துக்கொண்டு இருக்கச் சொன்னார்கள். மழை விட்டதும் பஸ்ஸுக்குப் போகலாம் என்று ஆஸ்பத்திரி விறாந்தையில் ஒரு மர வாங்கில் உட்கார்ந்திருந்தேன். மத்தியானத்துக்குக் கிட்ட ஒரு லொறி வந்து நின்றது. சக்கரத்திலிருந்து பலகை வரை செம்மண் அப்பியிருந்தது. இரண்டு பேர் எதையோ சாக்கில் போர்த்தித் தூக்கிக்கொண்டு உள்ளே ஓடினார்கள். என்னைத் தாண்டும்போது சாக்கு விலகி ஒரு சின்னக் கை தொங்கியது. சிவப்புக் கை. சேற்றுக்குள் ஒரு வெள்ளை நட்சத்திரம்.

எழுந்து பின்னால் ஓடினேன். அவர்கள் ஒரு கதவுக்குள் போனார்கள், கதவு மூடிக்கொண்டது. திரும்பி வந்த டிரைவரைப் பிடித்து நிறுத்தினேன். எங்கே, எந்தத் தோட்டம், என்ன நடந்தது என்று கேட்க நினைத்தேன். வாயிலிருந்து வந்தது வெறும் குழறல்.

“நமக்கு ஒண்ணும் தெரியாதுங்க. நமுனுகுல ரோட்டுல கைகாட்டி நிப்பாட்டி ஏத்தி விட்டாங்க. மண்ணு சரிஞ்சிருச்சாம். பொம்பளப் புள்ள. எட்டு ஒம்பது வயசிருக்கும்” என்று சொல்லி என் கையை உதறிவிட்டுப் போய்விட்டான். 

கதவைத் தள்ளினேன். ஆஸ்பத்திரிச் சிப்பந்தி ஒருவர் வந்து என்னை மறித்தார். சிங்களவர், தமிழ் நன்றாகப் பேசுவார்.

“மாத்தயா, குடிச்சிட்டு உள்ள போக ஏலாது.”

குடிக்கவில்லை என்று சொல்ல வாயைத் திறந்தேன். பஞ்சு நழுவி வெளியே விழுந்தது, சட்டை முன்பக்கமெல்லாம் இரத்தம். அவர் பயந்துபோய் இரண்டு கைகளாலும் என்னைப் பிடித்துக்கொண்டார். “பட்டப்பகல்லேயே அடிபிடியா?” வாங்கிலிருந்த ஒரு கிழவர்தான், “பாவம், பல்லு பிடுங்கின ஆள்” என்று சொல்லி என்னை விடுவித்தார். நான் கதவைக் காட்டினேன், என் நெஞ்சைக் காட்டினேன், என் இடுப்பு உயரத்துக்குக் கையை வைத்துக் காட்டினேன். சிப்பந்தியின் முகம் மாறிவிட்டது. என்னை வாங்கில் இருத்திவிட்டு உள்ளே போனார்.

வெகு நேரம் கழித்து அவர் ஒரு தட்டில் அந்தச் சட்டையைக் கொண்டுவந்தார். கத்தரிக்கோலால் கழுத்திலிருந்து கீழ்வரை வெட்டி எடுத்திருந்தார்கள். சட்டையின் ஒரு கை தனியே கிடந்தது. 

“பிள்ளைக்கு உயிர் இருக்கு. டொக்டர் பார்க்கிறார். உள்ள யாரையும் விடமாட்டாங்க. இது உங்க பிள்ளையோடதா, பாருங்க.”

சேறும் நீருமாகக் கனத்தது. என் மனைவியாக இருந்திருந்தால் தொட்டவுடன் தன் கைப்பின்னலா, வேறொருத்தியின் பின்னலா என்று சொல்லியிருப்பாள். நூலை இறுக்குவதில் ஒவ்வொருவருக்கும் ஒரு கைப்பழக்கம் உண்டென்று அடிக்கடி சொல்வாள். நான் அதைக் காதில் வாங்கிக்கொண்டதில்லை. பத்து வருஷம் என் பக்கத்திலேயே உட்கார்ந்து பின்னியிருக்கிறாள், எனக்குத் தெரிந்தது சிவப்பும் வெள்ளையும்தான். எனக்குத் தெரிந்த ஒரே அடையாளத்தைத் தேடினேன். விளிம்பைப் பெருவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே வைத்து மெல்ல மெல்ல உருட்டிக்கொண்டு போனேன். இருக்கக்கூடாது, இருக்கக்கூடாது என்று ஒவ்வொரு கண்ணிக்கும் சொல்லிக்கொண்டு போனேன்.

இருந்தது. முரடாக, ஒரே ஒரு கண்ணி. சேற்றைத் துடைத்துப் பார்த்தேன். கறுப்பு.

அதன்பிறகு நான் எழுந்து ஒன்றும் செய்யவில்லை. ஓடவுமில்லை, கதவைத் தள்ளவுமில்லை. சட்டையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். மழை தகரத்தில் விழுந்துகொண்டிருந்தது. சிப்பந்தி ஒரு கோப்பை பிளேன் டீ கொண்டுவந்து பக்கத்தில் வைத்தார். அது ஆறிப்போனது.

இன்னொரு லொறி வந்தது. அதிலிருந்து எங்கள் தோட்டத்து ஆள் ஒருவர் குதித்து ஓடிவந்தார். அவர் மகள் என் மகளின் வகுப்பு, ஒரே வாங்கில் இருக்கிறவர்கள். தேயிலைச் செடியைக் கவ்வாத்து வெட்டிக்கொண்டிருந்த மலையிலிருந்து அப்படியே வந்திருந்தார். இடுப்பில் கத்தியும் மழைக்குச் சுற்றிய படங்குத் துண்டும் அவிழ்க்காமல் கிடந்தன. என்னைக் கண்டதும் நின்றார். என் சட்டையில் இரத்தத்தையும் மடியில் கிடந்ததையும் பார்த்தார்.

“மாஸ்டர்” என்று சொல்லி, என் மடியிலிருந்து அந்தச் சட்டையை எடுத்தார். அவரும் விளிம்பைத்தான் பிடித்தார். அவரும் விரலால்தான் தேடினார்.

“இதாங்க. எங்க புள்ளதாங்க. இந்தா, கறுப்பு.”

“அது என்ரை மனுசி வைக்கிறது” என்றேன். நாக்கு இன்னும் சரியாகப் புரளவில்லை. “என்ரை பிள்ளைக்கு வைக்கிறது. கண்ணூறுக்கு.”

“எங்க வீட்டுலயும் வைப்பாங்க மாஸ்டர். எல்லா வீட்டுலயும் வைக்கிறாங்க. அம்மா வச்சதப் பாத்துத்தான. கறுப்பு வைக்காம கோலச் சட்ட ஏதுங்க?”

பழகவந்த பெண்கள் நட்சத்திரத்தை எடுத்தார்கள், அதோடு அந்தப் பிழையையும் எடுத்துக்கொண்டார்கள். அவர்களுக்கும் பிள்ளைகள் இருந்தன. அவர்கள் பிள்ளைகளும் அழகாகத்தான் இருந்தன.

ஒரு நிமிஷம் எனக்கு உயிர் வந்தது. அப்படியானால் உள்ளே கிடப்பது என் பிள்ளையாக இல்லாமலும் இருக்கலாம். அந்த நினைப்பை அவர் முகத்துக்கு நேரே நினைத்தேன். அவருக்கு அது தெரிந்ததோ என்னவோ, என் பக்கத்தில் உட்கார்ந்து மெதுவாகச் சொன்னார்.

“இது எங்க புள்ளையாத்தாங்க இருக்கணும். இல்லாட்டி அவ மண்ணுக்குள்ளதான் இருக்கா.”

“என்ன சொல்லுறீர்?”

“மேல் டிவிஷன் லயத்துக்குப் பின்னால மலை அப்படியே எறங்கிருச்சுங்க. கடைசி வீட்டுக் காம்பராவக் காணோம். புள்ளைங்க கோயில்லேர்ந்து அந்த வழியாத்தான் வந்திருக்குதுங்க. எத்தன புள்ளைங்கன்னு யாருக்கும் தெரியல. ஒண்ணத்தான் எடுத்திருக்காங்க. மீதிய வெட்டிப் பாத்துக்கிட்டிருக்காங்க.”

“என்ரை மகள்?”

“தெரியலைங்க மாஸ்டர். நான் மலையிலேர்ந்து நேரா வந்துட்டேன்.”

அவர் சொல்லும்வரை உள்ளே கிடக்கும் பிள்ளை என்னுடையதாக இருக்கக்கூடாது என்று வேண்டிக்கொண்டிருந்தேன். அவர் சொன்ன பிறகு அது என்னுடையதாகவே இருக்கட்டும் என்று வேண்டினேன். அவளுக்கு உயிர் இருக்கிறது என்று சிப்பந்தி சொல்லியிருந்தார். உயிர் இருக்கிறது என்று நிச்சயமாகத் தெரிந்த பிள்ளை அந்த மலையில் அப்போது அது ஒன்றுதான். பக்கத்தில் அவரும் அதையேதான் வேண்டிக்கொண்டிருந்தார். சட்டை எங்கள் இருவருக்கும் நடுவில் வாங்கில் கிடந்தது. அதன் ஒரு முனை அவர் கையில், ஒரு முனை என் கையில். இழுக்கவில்லை, விடவுமில்லை.

“உங்க புள்ளைக்கு எந்தப் பக்கம் வைப்பாங்க? எடமா வலமா?” என்று அவர் கேட்டார்.

எனக்குத் தெரியவில்லை. ஒவ்வொரு வருஷமும் தடவிப் பார்த்திருக்கிறேன், எந்தப் பக்கம் என்று ஒருநாளும் பார்த்ததில்லை. 

“உங்களுக்கு?”

“எனக்குந் தெரியலைங்களே” என்று அவர் தலையில் கையை வைத்துக்கொண்டார்.

கடைசியில் கதவைத் திறந்துகொண்டு நேர்ஸ் வந்தார். “பிள்ளையின் அப்பா யார்?” என்றார்.

இரண்டு பேரும் எழுந்தோம்.

“ரெண்டு பேருமா?”

“யாருன்னு எங்களுக்குத் தெரியலைங்க மிஸ்ஸி” என்று அவர் சொன்னார். 

அந்த அம்மா எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். விலகி வழிவிட்டார்.

கட்டிலில் கிடந்த பிள்ளைக்குத் தலையில் கட்டு. முகம் வீங்கி, கண் இருக்கும் இடம் தெரியவில்லை. மருந்து பூசிய மஞ்சள். இடது கை போர்வைக்குள் இருந்தது. என் பிள்ளையின் முகத்தை எந்த இருட்டிலும் கண்டுபிடிப்பேன் என்று நினைத்திருந்தேன். அங்கே நின்று பார்த்தபோது எனக்குத் தெரியவில்லை. அவரோ பிள்ளையின் முகத்தைப் பார்க்கவில்லை. கால்மாட்டுக்குப் போய்ப் போர்வையைத் தூக்கினார். வெடித்துத் தடித்த உள்ளங்கால். ஒரு நாளும் சப்பாத்துப் போடாத கால். என் மகள் பள்ளிக்குச் சப்பாத்துப் போட்டுக்கொண்டு போகிறவள்.

“எங்க புள்ள” என்று சொல்லி அவர் அந்தக் காலைப் பிடித்துக்கொண்டு கட்டிலோரத்தில் இருந்துவிட்டார். 

டொக்டர் வந்தார். உயிருக்குப் பயமில்லை, கை நசுங்கிவிட்டது, முழங்கைக்குக் கீழே எடுக்கவேண்டியதாகிவிட்டது என்றார். கட்டிலோரத்தில் இருந்தவர் அதைக் கேட்டாரா என்று தெரியாது. தலையை ஆட்டினார். நான் சுவரோரமாக நின்றேன். ஒரு கை போன பிள்ளையின் தகப்பனைப் பார்த்துப் பொறாமைப்பட்டேன். அது எப்படிப்பட்ட பொறாமை என்று இப்போது எழுதும்போதும் எனக்கு விளங்கவில்லை. அவருடைய பிள்ளை எங்கே இருக்கிறாள் என்று அவருக்குத் தெரிந்துவிட்டது.

அவர்தான் என்னைத் திரும்பிப் பார்த்தார். “மாஸ்டர், நீங்க நிக்காதீங்க. நம்ம லொறி கீழதான் நிக்குது. இருட்டுறதுக்குள்ள போயிருங்க. ஒங்க புள்ள இருக்கும். போங்க.”

லொறி பாதி வழிவரைதான் போனது. அதற்குமேல் பாதையில் தண்ணீர் பாய்ந்துகொண்டிருந்தது. தேயிலைக்குள்ளால் குறுக்கே ஏறினேன். மண் சரிந்த இடத்தில் ஆண்கள் மண்வெட்டியோடு நின்றார்கள். எதிர்ப்பட்டவர்களிடமெல்லாம் கேட்டேன். “மாஸ்டர் மகளா? பாக்கலைங்களே” என்றார்கள். எல்லோரும் அதையே சொன்னார்கள். பாக்கலை என்பதில் இருந்து என்ன எடுத்துக்கொள்வது?

எங்கள் வீட்டு விளக்கு தெரிந்ததும் என் கால் ஓடவில்லை. நின்றுவிட்டது. ஓடினால் அவள் இருக்கிறாளா இல்லையா என்று தெரிந்துவிடும். முற்றத்து மாமரத்தடியில் எவ்வளவு நேரம் நின்றேன் என்று தெரியாது. மனைவிதான் வாசலில் யாரோ நிற்பதைக் கண்டு விளக்கைத் தூக்கிப் பிடித்தாள்.

“ஆரது? நீங்களோ? பல்லு எடுத்தாச்சோ?”

உள்ளே பாயில் உட்கார்ந்து மகள் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். சட்டைக் கையை முழங்கைவரை சுருட்டியிருந்தாள். நட்சத்திரங்கள் மடிப்புக்குள் போயிருந்தன.

“அப்பா, வாயில என்ன ரத்தம்?”

“வாயிலை எண்டு சொல்லு” என்றாள் மனைவி. பிறகு என்னைப் பார்த்து, “ஏன் ஒண்டும் கதைக்கிறியள் இல்லை? நோகுதோ?”

பாதி வழியில் காலில் அட்டை கடித்து இரத்தம் நிற்கவில்லையாம். அதனால் அன்று அவள் கோயிலுக்குப் போகாமல் திரும்பி வந்துவிட்டாளாம். அவ்வளவுதான். மலை சரிந்ததை மனைவி கேள்விப்பட்டிருந்தாள், ஆட்டுப்பட்டிதான் போனது என்று யாரோ சொல்லியிருந்தார்கள். மண்ணுக்குள் வேறு பிள்ளைகள் இல்லை என்பது மறுநாள்தான் நிச்சயமாயிற்று. மற்றவர்கள் தேயிலைக்குள் ஓடித் தப்பியிருந்தார்கள். அன்று நான் மகளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து அவள் சாப்பிடுவதைப் பார்த்தேன். தொடவில்லை. தொட்டால் ஏன் என்று கேட்பாள்.

சில நாள் கழித்து எல்லாவற்றையும் மனைவிக்குச் சொன்னேன். அவள் பின்னிக்கொண்டிருந்ததை மடியில் வைத்தாள்.

“இடப்பக்கம்” என்றாள். “எப்பவும் இடப்பக்கம்தான் வைக்கிறனான். நீங்கள் கேட்டிருக்கலாமே.”

“மற்றவையளும் இடப்பக்கம்தானோ?”

அவள் யோசித்தாள். “என்னைப் பார்த்துத்தானே வைக்கினம்” என்றாள்.

எனக்கு ஏதாவது செய்யவேண்டும் போலிருந்தது. நம்முடைய பிள்ளைக்கென்று தனி அடையாளம் ஒன்று வை என்று கெஞ்சினேன். அவள் கறுப்புக்குப் பக்கத்தில் நீலத்தில் ஒரு கண்ணி வைத்தாள். கொஞ்ச நாளில் ஒரு பெண் வந்து அந்த விளிம்பைப் பிடித்துப் பார்த்துக்கொண்டு, “ஏங்கம்மா, நீலமும் வைக்கணுங்களா? சொல்லவேயில்லையே” என்று குறைப்பட்டாள். அடுத்த மாரிக்கு எல்லாச் சட்டையிலும் கறுப்பும் நீலமும். வேறு மாதிரியில், வேறு நிறத்தில் ஒன்று பின்னச் சொன்னேன். மகள் மாட்டேன் என்றுவிட்டாள். “எல்லாரும் கோலம் போட்டிருப்பாங்க. நான் மட்டும் பச்சையா? சிரிப்பாங்கப்பா.” நான் ஏன் சொல்கிறேன் என்று அவளுக்குச் சொல்ல முடியவில்லை. சொன்னால் அவளும் பயப்படுவாள். ஒரு வீட்டில் இந்தப் பயத்தோடு இருக்க ஒரு ஆள் போதும்.

கை போன அந்தப் பிள்ளை பங்குனியில் ஆஸ்பத்திரியிலிருந்து வந்தாள். பழைய சட்டையை வெட்டி எடுத்துவிட்டார்கள் என்பதால், புதிதாக ஒன்று தானே பின்னிக் கொடுப்பதாக என் மனைவி சொன்னாள். ஒற்றை நிறத்தில், கையை மறைக்கிற மாதிரித் தளர்வாகப் பின்னச் சொன்னேன். பிள்ளையின் தாய் ஒப்புக்கொள்ளவில்லை.

“அதே கோலந்தான் வேணுமாங்க. ஆஸ்பத்திரியில கண்ணு முழிச்சதும் எஞ்சட்ட எங்கன்னுதான் கேட்டாளாம். கையி எங்கன்னு அப்புறந்தான் கேட்டிருக்கா.”

வலது கை சுலபமாக முடிந்தது. இடது கை முழங்கையோடு நிற்கவேண்டும். அந்த இடத்தில் நட்சத்திரம் பாதியில் அறுந்துபோகும். ஞாயிற்றுக்கிழமை பெண்கள் எங்கள் விறாந்தையில் கூடி அதை வைத்துக்கொண்டு வாதாடினார்கள். அப்படியே அறுத்து முடித்துவிடலாம் என்றாள் ஒருத்தி. “பாதிக் கோலத்த எவளாவது வாசல்ல விடுவாளா? புள்ளையோட கையில விடச் சொல்றியே” என்று மற்றவர்கள் அவளைப் பிடித்துக்கொண்டார்கள். பிள்ளையின் தகப்பன் படியில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தார். நானும் அவருக்குப் பக்கத்தில்தான் இருந்தேன். எங்கள் இருவரிடமும் யாரும் ஒன்றும் கேட்கவில்லை. கடைசியில் என் மனைவி நிலத்தில் வெண்கட்டியால் புள்ளியைக் குறைத்துக் குறைத்துப் போட்டு, அந்தக் கைக்குப் பொருந்துகிற மாதிரிச் சின்னதாக ஒரு நட்சத்திரத்தை மூடி முடித்தாள். கையின் நுனியையும் மூடிப் பின்னினாள், குளிர் போகாமல்.

அது நடந்து மூன்று மாரி போய்விட்டது. வளர வளர அந்தப் பிள்ளைக்கும் என் மனைவி வருஷம் ஒரு சட்டை பின்னுகிறாள். காலையில் மணி அடிப்பதற்காக நான் எல்லோருக்கும் முதலே பள்ளிக்கூடத்துக்கு இறங்கிவிடுவேன். பிள்ளைகள் பின்னால் கூட்டமாக வருவார்கள், என் மகளும் அவர்களோடுதான் வருவாள். மழைக்காலத்தில் மூட்டம் பாதைவரை இறங்கியிருக்கும். வாசலில் நின்று பார்த்தால் முகம் ஒன்றும் தெரியாது, சிவப்பும் வெள்ளையும் அசைந்துகொண்டு வரும். அந்தக் குட்டைக் கை மட்டும் தூரத்திலேயே தெரிந்துவிடும். அந்தப் பிள்ளை வந்துவிட்டாள் என்று நினைப்பேன். மற்றதெல்லாம் ஒன்றுபோலத்தான் இருக்கும். என்னுடையது எது என்று தெரிய அவர்கள் கிட்ட வரவேண்டும். மணிக் கயிற்றைப் பிடித்துக்கொண்டு நிற்பேன், அதுவரை அடிக்கமாட்டேன்.